ஓடுவதற்கு ஒருவர், பார்ப்பதற்கு ஒருவர்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கோ கடையநல்லூருக்கோ முதல் பஸ் பிடிக்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இருட்டு முழுதாக விலகியிருக்காது. சாலையோரம் ஒரு பையன் ஓடிக்கொண்டிருப்பான். அரைக்கால் சட்டை, சாயம் போன பனியன், காலில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ. சிலருக்கு அதுவும் இருக்காது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னும் இரண்டு பேர். பண்பொழி திருமலைக் கோயில் அடிவாரம், வடகரைச் சாலை, மேக்கரை போகும் வழி என்று மலையோரத்து ஊர்களில் எல்லாம் இப்படி ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள். அண்மைக் காலமாக வேறு சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர், வங்கி ஊழியர், மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், சர்க்கரை எட்டிப் பார்த்ததால் ஓடத் தொடங்கி அதில் ருசி கண்டுவிட்ட கடைக்காரர்.

இவர்களில் அநேகம் பேர் தனியாகவே ஓடுகிறார்கள். எவ்வளவு ஓடுவது, எந்த வேகத்தில் ஓடுவது, என்றைக்கு ஓடாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்கிறார்கள். முடிவு தப்பாகப் போனால் அதைச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை. தன்னால் எவ்வளவு முடியும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற எவரும் ஒரு நாள் ஒரு பயிற்சியாளரிடம் போய் நிற்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஏழு நிமிடக் கணக்கு

முதலில் போலீஸ் தேர்வையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்த ஓட்டத்தில் கோட்டைவிட்டு வீடு திரும்புவதை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிவார்கள்.

400 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தை அதற்குப் பங்கிட்டால் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வருகிறது. 100 மீட்டருக்கு 28 விநாடி. நோய் நொடி இல்லாத இருபது வயதுப் பையனுக்கு, சில மாதம் ஒழுங்காக ஓடியிருந்தால், இது எட்டாத வேகம் இல்லை. ஆனால் தேர்வு அன்று நடப்பது வேறு. விசில் ஊதியதும் கூட்டத்தோடு சேர்ந்து எல்லோரும் பாய்கிறார்கள். முதல் சுற்று ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக முடிந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றில் மூச்சு இரைக்கிறது. மூன்றாவதில் கை இடுப்புக்குப் போய்விடுகிறது. கடைசி 200 மீட்டரை நடந்து கடந்து 7 நிமிடம் 15 விநாடியில் வந்து நிற்கிறவனுக்குத் தன் உடம்பு போதாது என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. உண்மையில் அவன் உடம்பு போதும். முதல் 400 மீட்டரில் அவன் செய்த செலவுதான் அவனைத் தோற்கடித்தது.

அவனுக்குத் தேவைப்பட்டது தடத்தின் ஓரத்தில் கடிகாரத்தோடு நிற்கும் ஓர் ஆள். முதல் சுற்று முடியும்போது, "வேகம் கூடிப்போச்சு, குறை" என்று சத்தம் போட வேண்டும். அடுத்த நாளும் அதையே சொல்ல வேண்டும். பையனின் காலுக்கே 1:52 பழகும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேகத்தைக் கால் தானாக உணர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். புத்தகத்தில் படித்து அது வராது.

அடிவாரத்தில் ஒரு காலை

பண்பொழியில் மலைமேல் இருக்கும் திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்குப் படிக்கட்டும் உண்டு, வண்டி ஏறும் பாதையும் உண்டு. அந்த அடிவாரத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். பேர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காசு வாங்காமல் நாலைந்து பையன்களையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஓட வைக்கிறார். சாரல் காலம். கோயில் தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. தென்னந்தோப்புகளில் ஓலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நன்றாக விடியும்வரை அவர் யாரையும் மேக்கரைப் பக்கம் அனுப்புவதில்லை. மலையை ஒட்டிய தோப்புகளில் யானை இறங்கும். "நாலு மணிக்கே எந்திரிச்சு ஓடுனாத்தான் உழைப்புன்னு நெனைக்காங்க. ஆறு மணிக்கு ஓடுனா கால் ஓடாதாக்கும்?" என்றார்.

பிள்ளைகள் மேடேறும் பாதையில் ஓடிவிட்டு நடந்து இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்வை முழுக்க இடுப்புக்குக் கீழேதான். ஒரு பையன் மூன்றாவது தடவை ஏறும்போது நிறுத்தினார்.

"ஏலே, வலது கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாமலா நொண்டுத? எங்க வலிக்கி, தொட்டுக் காட்டு."

பையன் குனிந்து முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்கம் ஒரு விரலால் தொட்டான். அவரும் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பையன் முகம் சுருங்கியது. "எத்தனை நாளா?" பதில் வரவில்லை. "இன்னிக்கு போதும். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது. சைக்கிள் மிதி. அப்புறம் பாப்போம்."

பையன் வாடிப்போனான். தேர்வு நெருங்குகிறது, ஒரு வாரம் வீணாகுமே என்ற கவலை. அந்த வலியோடு அவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வயதில் யோசிக்கத் தோன்றாது. கணைக்கால் எலும்பில் வரும் இந்த வலி ஓட்டக்காரர்களுக்குச் சகஜம். கவனித்தால் ஆறிவிடும். பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்து மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.

இந்த வலி வருவதற்கான காரணம் எளிமையானது. ஓடத் தொடங்கியவருக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைகிறது, இன்னும் ஓடலாம் என்று தோன்றுகிறது. தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் தேவை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. ஓடுகிறவர் மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டுகிறார். வெளியே நிற்கிறவர் காலைப் பார்த்துத் தடுக்கிறார்.

மெதுவாக ஓடச் சொல்லும் ஆள்

பயிற்சியாளர் என்றால் விரட்டுகிறவர் என்ற எண்ணம் நம் சினிமாக்களால் ஊறிப்போயிருக்கிறது. நல்ல பயிற்சியாளர் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் சொல்வது, "மெதுவா போ" என்பதுதான். நெடுந்தூர ஓட்டம் போன்ற தாங்குதிறன் விளையாட்டுகளில் உலகின் மேல்வரிசையில் இருக்கிறவர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீஃபன் சைலர், அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று காட்டினார். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போக முடிந்தால் அது எளிதான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

தனியாக ஓடுகிறவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். தினமும் கொஞ்சம் வேகமாக, தினமும் கொஞ்சம் களைப்பாக. உடம்பு தேறும் அளவுக்கு எளிதாகவும் இல்லாமல், வேகம் கூடும் அளவுக்குக் கடினமாகவும் இல்லாமல் ஒரு நடுத்தர வேகத்தில் வருஷக்கணக்கில் ஓடுகிறார்கள். நேரம் குறையவில்லையே என்று இன்னும் அதிகம் ஓடுகிறார்கள். கடைசியில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உழைப்பில் குறை சொல்ல முடியாதவர்கள் இப்படித் தேங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கையில் கட்டியிருக்கும் ஜி.பி.எஸ். கடிகாரம் இதைச் சொல்லாதா என்று கேட்பார்கள். தூரம், வேகம், இதயத் துடிப்பு எல்லாம் அது ஓரளவு சரியாகவே சொல்லும். வாட்ஸ்அப்பில் வருகிற பதினாறு வாரத் திட்டமும் சில பேருக்குப் பயன்படும். ஆனால் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இரவு ஆஸ்பத்திரியில் விழித்திருந்துவிட்டுக் காலையில் ஓட வந்தவரை, "இன்னைக்கு ஓட வேண்டாம், போய்த் தூங்குங்க" என்று திருப்பி அனுப்ப அந்தத் திட்டத்துக்குத் தெரியாது. வலது தோளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் அது பார்க்காது.

சக்கிமங்கலம் பாட்டியின் வீட்டுக்கு வந்தவர்

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசும்போது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள சக்கிமங்கலத்துக்குப் போகாமல் முடியாது. ரேவதி வீரமணி சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். அவரையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை வேலை என்று கூலிக்குப் போய்ப் பேத்திகளைப் படிக்க வைத்தார். ரேவதி பள்ளிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடினார். ஷூ வாங்கக் காசில்லை.

அப்படி ஒரு போட்டியில் அவரைப் பார்த்தவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். அன்றைக்கு அந்த மைதானத்தில் எத்தனையோ பிள்ளைகள் ஓடியிருப்பார்கள். அவர்களில் ஒரு பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று அவர் கண்ணுக்குப் பட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. தினமும் மைதானத்துக்கு வந்து போக பஸ் காசுக்கே வழியில்லாத வீடு அது. வயசுப் பெண்ணை ஓட அனுப்புவதா என்ற தயக்கமும் இருந்தது. கண்ணன் பேசிப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் விடுதியில் தங்கவும் ஏற்பாடு செய்தார். அதன் பிறகுதான் கடிகாரமும் விசிலும்.

100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிக்கொண்டிருந்த ரேவதி தேசிய முகாமுக்குப் போனதும், அங்கிருந்த பயிற்சியாளர் கலீனா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். கண்ணன் அதை ஏற்றுக்கொண்டார். இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தான் கண்டெடுத்து வளர்த்த பிள்ளையை இன்னொருவர் வேறு பந்தயத்துக்கு மாற்றச் சொல்லும்போது, "என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா" என்று வீம்பு பிடிக்காமல் விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் வருவதில்லை. 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் ரேவதி 53.55 விநாடியில் 400 மீட்டரை முடித்து முதலாவதாக வந்தார். அதே மாதக் கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. செங்கல் சூளையில் உழைத்த பாட்டியின் பேத்தி ஒலிம்பிக் தடத்தில் ஓடினாள் என்பதை அந்த முடிவு எந்த விதத்திலும் குறைத்துவிடாது.

புதுக்கோட்டையிலும் இதே போல் ஒரு கதை உண்டு. கோவிந்தன் லட்சுமணனும் சூர்யாவும் பயிற்சியாளர் லோகநாதனிடம் உருவானவர்கள். 2016-இல் குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் சூர்யா 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் லட்சுமணனும் அதே இரண்டு பந்தயங்களில் தங்கம் வாங்கினார். மறுவருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லட்சுமணன் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் கைக்கு வந்த மாதிரிதான். ஓடும்போது ஒரு கால் தடத்தின் உள்கோட்டைத் தாண்டிவிட்டது என்று தகுதி நீக்கம் செய்தார்கள். இருபத்தைந்து சுற்றில் ஒரே ஓர் அடி. வருஷக்கணக்கான பயிற்சியும் அந்த ஓர் அடியைத் தடுக்க முடியவில்லை. பயிற்சியாளரிடம் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். பதக்கத்துக்கு அவர் உத்தரவாதம் தர முடியாது.

மலைக்கு அந்தப் பக்கம்

பண்பொழியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரைத் தாண்டினால் கேரளம். அங்கே வடக்கே, கோழிக்கோட்டுப் பக்கம் பய்யோலியில் வளர்ந்த பி.டி. உஷாவை எழுபதுகளின் நடுவில், பள்ளிச் சிறுமியாக இருக்கும்போதே அடையாளம் கண்டவர் ஓ.எம். நம்பியார். விமானப் படையில் இருந்து வந்தவர், கண்ணூர் விளையாட்டுப் பள்ளியின் பயிற்சியாளர். வேக ஓட்டத்தில் பேர் வாங்கியிருந்த உஷாவை, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதமே இருக்கும்போது 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு மாற்றியது அவர்தான். அந்தப் பெண்ணின் வேகமும் தாங்கும் சக்தியும் சேர்ந்தால் எங்கே எடுபடும் என்று அவர் போட்ட கணக்கு அது.

1984 ஆகஸ்டில் உஷா நான்காவதாக வந்தார். அவருக்கு 55.42 விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாருவுக்கு 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தோல்வியோடு குருவும் சிஷ்யையும் பிரிந்துவிடவில்லை. மறுவருஷம் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கினார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்ட 1985-ஆம் வருஷமே நம்பியாருக்குக் கிடைத்தது. அவர் 2021 ஆகஸ்டில் காலமானார். ஓடுவதை விட்ட பிறகு உஷாவும் கொயிலாண்டியில் தானே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

கேட்டு வாங்கிய பையன்

ரேவதியையும் உஷாவையும் பயிற்சியாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. தானே போய்க் கேட்ட ஒருவனின் கதை கென்யாவில் இருக்கிறது.

எலியுட் கிப்சோகே பதின்வயதில் இருந்தபோது அவருடைய ஊர்க்காரரான பாட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர், ஊரில் விளையாட்டுப் போட்டிகள் நடத்திக்கொண்டிருந்தார். கிப்சோகே அவரிடம் போய், எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் கொடுங்கள் என்று கேட்டார். சாங் இரண்டு வாரத்துக்குச் சொல்லி அனுப்பினார். பையன் அதைச் செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று மறுபடி வந்து நின்றான். மறுபடியும் வந்தான். சாங்குக்கு அவன் யார் வீட்டுப் பையன் என்றுகூட முதலில் தெரியாது. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிறான் என்பது ஒன்றுதான் தெரியும்.

2003-இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் 18 வயது கிப்சோகே 5000 மீட்டர் தங்கம் வாங்கினார். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஹிஷாம் எல் கெரூஜும் கெனெனிசா பெகெலேயும். பத்தொன்பது வருஷம் கழித்து, 2022-இல் பெர்லினில் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோதும் பயிற்சியாளர் அதே சாங்தான். இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வாங்கிய பிறகும், நாளைக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று இன்னொருவரைக் கேட்டுக்கொள்வதை கிப்சோகே குறைவாக நினைக்கவில்லை. நம்மில் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுதான். முப்பத்தைந்து, நாற்பது வயதில், உத்தியோகத்தில் நாலு பேருக்குச் சொல்கிற இடத்தில் இருந்துகொண்டு, ஓடுவதற்குப் போய் ஒருவரிடம் கேட்பதா என்ற கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சத்தை விட்டவர்களுக்குத்தான் வழி திறக்கிறது.

அதே கென்யாவின் இட்டென் என்ற ஊரில் இன்னொரு பாடமும் உண்டு. அயர்லாந்திலிருந்து 1976-இல் பூகோளம் கற்பிக்க வந்த கால்ம் ஓ'கானல் என்ற கிறித்தவத் துறவிக்கு அப்போது தடகளப் பயிற்சியில் எந்த அனுபவமும் இல்லை. பிள்ளைகள் ஓடுவதைக் கவனித்துக் கவனித்தே கற்றுக்கொண்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடிய டேவிட் ருடிஷா அவருடைய மாணவர். நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் போகக் கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பயிற்சியாளரும் கண்ணனோ நம்பியாரோ இல்லை.

2006 மே மாதம் ஒடிசாவில் நான்கு வயதுச் சிறுவன் புதியா சிங் பூரியிலிருந்து புவனேஸ்வரம் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடியபோது நாடே கைதட்டியது. ஓட வைத்தவர் ஒரு ஜூடோ பயிற்சியாளர். பிறகு அரசு தலையிட்டு அந்த ஓட்டங்களை நிறுத்தியது. அந்தப் பிள்ளை பெரியவனாகி எந்தப் பெரிய பந்தயத்திலும் வந்து நிற்கவில்லை. பிஞ்சிலேயே பழம் கேட்டால் மரம் என்ன ஆகும்? உங்கள் பிள்ளையை அளவு மீறி ஓட வைத்து வீடியோ எடுத்துப் போடுகிறவரைக் கண்டால் அன்றைக்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். புகார் கொடுத்தவர்கள் அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள். பெண் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிற பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பயிற்சி திறந்த வெளியில், நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்கார்ந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். உடம்பு பிடித்துவிடுகிறேன் என்று தனியறைக்கு அழைப்பவர், இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறவர், வீட்டில் சொல்லாதே என்கிறவர் எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும் வேண்டாம்.

எடையைக் குறை, சோற்றைக் குறை என்று பெண் பிள்ளைகளை விரட்டுகிறவரும் ஆபத்தானவர். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு மற்ற வேலைகளை நிறுத்திச் சிக்கனம் செய்யத் தொடங்கும். மாதவிடாய் நிற்பது அதன் அடையாளங்களில் ஒன்று. பயிற்சி கடுமையாக இருந்தால் அப்படித்தான் என்று சிலர் அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். எலும்பு வலுவிழந்து முறிவதற்கான முன்னறிவிப்பு அது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதைப் பற்றி விரிவாக எச்சரித்திருக்கிறது. பயிற்சியாளர் ஆணாக இருந்தாலும் இதைத் தயக்கமில்லாமல் பேசத் தெரிந்தவராக, டாக்டரிடம் அனுப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் சட்டம் கறாரானது. உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால், அதை யார் கொடுத்தார்கள் என்பது இரண்டாம் பட்சம், பொறுப்பு ஓடியவருடையது. பேர் தெரியாத பவுடர், ஊசி, "சத்து மாத்திரை" எதுவானாலும் பயிற்சியாளர் கையிலிருந்தே வந்தாலும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் நல்ல ஓட்டக்காரர்கள் சிலர் இந்தக் காரணத்தால் தடை பெற்று வீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம்.

பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் பட்டயம், இந்தியத் தடகள சம்மேளனம் நடத்தும் பயிற்சியாளர் சான்றிதழ், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி மாதிரி இடங்களில் படித்த உடற்கல்விப் பட்டம் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடலாம். சான்றிதழைவிட நான் அதிகம் மதிப்பது ஒன்று உண்டு. அவரிடம் மூன்று, நான்கு வருஷமாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்களா, காயம்பட்டவர்களை அவர் என்ன செய்தார் என்று அவர்களிடமே விசாரியுங்கள். முதல் நாளே உங்கள் பழைய காயம், தூக்கம், வேலை நேரம், மருந்து மாத்திரை எல்லாவற்றையும் கேட்கிறவர் நல்லவர். எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே திட்டத்தைக் கொடுக்கிறவரிடம் நீங்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். நாற்பதைத் தாண்டியவர்கள் பயிற்சியாளரைப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்வது கட்டாயம்.

போகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வலித்தால் மறைக்கக் கூடாது. ஓடாத நாளை ஓடியதாகச் சொல்லக் கூடாது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, யூடியூபில் வேறு மாதிரிச் சொல்கிறார்களே என்று மாறக் கூடாது. குறைந்தது நாலைந்து மாதம் ஒருவர் சொல்கிறபடி ஓடிப் பார்த்தால்தான் அது பலன் தருகிறதா என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

நம் ஊரில் யார் இருக்கிறார்கள்

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவான தென்காசி இளம் மாவட்டம். நல்ல தடத்தையும் முழுநேரப் பயிற்சியாளரையும் தேடி இங்குள்ள பிள்ளைகள் இன்னும் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போகிறார்கள். இயற்கை இந்த மண்ணுக்குக் கொடுத்திருப்பது ஏராளம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் குளிர்ந்த காற்றும். ஏறி இறங்கப் பண்பொழி மலைப்பாதை. சமதரையில் ஓட வயலுக்கு நடுவே செல்லும் சாலைகள். சென்னையில் வியர்வையில் நனைந்து ஓடுகிறவர்கள் ஏங்கும் இடம் இது. குறை இருப்பது ஆளில்தான். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்க வேண்டும். அவருடைய பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மாவட்டத்துக்கு 400 மீட்டர் தடமும் அதில் தினமும் நிற்கிற தடகளப் பயிற்சியாளர்களும் வேண்டும். அரசு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருப்பார். பட்டாளத்திலிருந்து திரும்பிய அண்ணாச்சி ஒருவர் இருப்பார். ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கி, கல்யாணத்தோடு நிறுத்திவிட்ட அக்கா ஒருவர் இருப்பார். அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசி மூன்று வாரத்தில் எந்தெந்த நாள் எவ்வளவு ஓடினீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே வலித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்து, "நான் ஓடுறதைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கேளுங்கள்.